ரப்பர் மட்டும் புதுசு: பழைய இரும்புப் பட்டைக் காரை மறுபடி ஓட வைப்பது எப்படி

பாகம் பிரிப்பதற்காகவோ வெள்ளையடிப்பதற்காகவோ செட்டிநாட்டு வீடு ஒன்றின் உள்ளறையைத் திறக்கும்போது, எனாமல் தூக்குகளுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே சில சமயம் ஒரு கனமான அட்டைப்பெட்டி கிடைக்கும். உள்ளே வரிசையாக ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், குட்டிக் குட்டி போல்ட்டு நட்டுகள். அடியில் எதனோடோ ஒட்டிக் கறுத்துப்போன ஒரு துண்டு ரப்பர். ஏதோ மெஷின் உதிரி என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். அது ஒரு கார். செத்துப்போனது அந்த ரப்பர் மட்டும்தான்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. மலாயாவில் பினாங்கில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியப்பச்சி (பெரியப்பா) கொண்டுவந்தது. சாவி கொடுத்து ஓட்டும் மோட்டார் அதில் இல்லை. அது தனி விலை. அதனால் எங்கள் கார் ரப்பரில் ஓடியது. முன்பக்கக் குறுக்குப் பட்டையில் ரப்பரைக் கட்டி, நூலைப் பின்அச்சில் மாட்டி, தரையில் வைத்துப் பின்னால் இழுத்து விடுவோம். வளவைச் சுற்றிய பத்தியில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை ஓடினால் அன்றைக்கு வெற்றி. மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில் தரையில் அது ஓடும் 'கிர்ர்' சத்தம் இப்போதும் எனக்குக் காதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் மூடிக் கிடந்த அந்தப் பெட்டியை மறுபடி திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல்முறை செய்கிறவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கெல்லாம் நானும் தடுமாறியிருக்கிறேன்.

கையில் இருப்பது என்ன?

பட்டைகளை இணைத்துக் கட்டும் இந்த வகை விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் மூதாதை மெக்கானோ. இங்கிலாந்தில் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை வாங்கினார். முதலில் 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' என்று விற்றது. 1907-ல்தான் மெக்கானோ என்ற பெயர் வந்தது. லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த அதன் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. அதைப் பார்த்துப் பல நாடுகளில் பல கம்பெனிகள் செய்தன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் 'மெக்கானிக்ஸ்' என்ற இந்தியப் பெட்டியில் வளர்ந்தவர்கள்.

உங்களிடம் இருப்பது மெக்கானோ அளவா என்று பார்க்க ஸ்கேல் போதும். ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவுக்கு அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். நீளப் பட்டை 12½ இஞ்ச் இருக்கும். அதில் 25 ஓட்டைகள். ஹார்ன்பி இந்த அரை இஞ்ச்சைக் கடைசிவரை மாற்றவில்லை. அதனால் தாத்தா காலத்துப் பட்டையும் பேரன் காலத்துப் பட்டையும் ஒன்றோடு ஒன்று பொருந்தும். பழைய சாமான் சேர்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

நிறம் காலத்தைச் சொல்லும். ஆரம்ப காலத்தில் நிக்கல் முலாம் பூசிய பளபளப்பு. 1926-ல் சிவப்பும் பச்சையும் வந்தன. 1934-ல் நீலமும் தங்க நிறமும். போருக்குப் பிறகு மறுபடி சிவப்பு, பச்சை. 1964-ல் மஞ்சளும் கறுப்பும். ஒரே பெட்டியில் மூன்று நிறம் கலந்து கிடந்தால் ஏமாற்றப்பட்டோம் என்று நினைக்க வேண்டாம். அண்ணன், தம்பி, பங்காளி வீட்டுப் பிள்ளை என்று பலர் கையில் புழங்கிய பெட்டி அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாம். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. நிதானமாகப் பாருங்கள். மரத்தூண், எனாமல், கடிகாரம் எல்லாம் கண்ணைப் பறிக்கும். நமக்கு வேண்டியது அடித்தட்டில் டப்பாவில் கொட்டிக் கிடக்கும். முழுப் பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விலை ஏறும். ஒரு காருக்குத் தேவையானவை இவ்வளவுதான்: நீளப் பட்டை இரண்டு, இரு முனையும் மடிந்த குட்டைப் பட்டை மூன்று, அச்சுக் கம்பி இரண்டு, பெரிய சக்கரம் இரண்டு, சிறிய சக்கரம் இரண்டு, அச்சில் மாட்டும் பித்தளைக் காலர் (திருகு வைத்த சின்ன வளையம்) நான்கைந்து, கையளவு போல்ட்டு நட்டு. வாங்கும்போது அச்சுக் கம்பியைக் கடைக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். துள்ளி உருண்டால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். துருவை எடுத்துவிடலாம், வளைந்த அச்சைச் சரிசெய்வது கஷ்டம்.

புதுப் பெயின்ட் வாடை அடிக்கும் பழைய பெட்டியை மட்டும் தொடாதீர்கள். அப்படி ஒன்றை ஒரு தடவை நான் வாங்கிவிட்டேன். துருவின் மேலேயே பெயின்ட் அடித்து விற்றிருந்தார்கள். ஓட்டைகள் அடைத்துக்கொண்டு போல்ட்டு நுழையவில்லை. சுரண்டி எடுக்க ஒரு வாரம் ஆனது.

சுத்தம் செய்வது

பெட்டியைத் திறந்ததும் நம் வீடுகளில் முதலில் வரும் குரல், "கொஞ்சம் புளி போட்டுத் துலக்கினால் பளிச்சென்று ஆகிவிடும்" என்பது. வேண்டாம். புளி பித்தளைக் குடத்துக்குச் சரி. இங்கே இரும்பு, பெயின்ட், நிக்கல் முலாம், பித்தளை எல்லாம் கலந்திருக்கின்றன. புளியின் அமிலம் பெயின்ட்டின் விளிம்பு வழியாக உள்ளே போய் இரும்பைத் தின்னும். சாம்பலும் செங்கல் பொடியும் முலாமைக் கீறிவிடும்.

உலர்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்து உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். துரு ஏறிய பட்டைகளையும் இறுகிப்போன போல்ட்டுகளையும் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கிடைக்காவிட்டால் கடையில் விற்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே போதும். காலையில் நட்டைப் பொருத்தமான ஸ்பேனரால் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். நேராகக் கழற்றப் போனால் போல்ட்டின் தலை மழுங்கிவிடும். பிளையரை எடுக்கவே வேண்டாம்.

துரு முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. அச்சு நுழையும் ஓட்டைகளும் அச்சுக் கம்பியும் வழவழப்பாக இருந்தால் போதும். மற்ற இடங்களில் தங்கியிருக்கும் செம்மை அந்தக் கார் கடந்துவந்த காலம். என் பெட்டியில் ஒரு பட்டையில் பெரியப்பச்சி மகன் ஆணியால் கீறிய தன் பெயரின் முதல் எழுத்து இருக்கிறது. அதன் மேல் நான் பிரஷ்கூடப் போடுவதில்லை. (இரும்பு ஏன் துருவேறுகிறது, எப்படித் தடுப்பது என்பதையும் ஆராயும் நிறுவனம் ஒன்று நம் காரைக்குடியிலேயே இருக்கிறது: 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். நாங்கள் சிக்ரி என்போம். சின்ன வயதில் அந்த மதில் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், உள்ளே என் பட்டைக்கும் மருந்து இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.)

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். நாளாக ஆக அது பிசுக்காகி அச்சைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையால் எடுத்து, அச்சு பட்டையில் நுழையும் இடத்தில் மட்டும். அது ரப்பரில் படவே கூடாது. கனிம எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, நொய்ந்து போகும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டிப் பொடியாக்காதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

ரப்பர்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். காரில் மற்றவை எல்லாம் எலும்பு, ரப்பர்தான் உயிர்.

ரப்பர் நமக்கு அந்நியமான பொருளும் இல்லை. பிரேசிலிலிருந்து 1876-ல் ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு அங்கிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தோட்டம் போடக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தாரும் இருந்தார்கள். எங்கள் பெரியப்பச்சி எழுதிய கணக்கில் பாதி ரப்பர்த் தோட்டக் கணக்குதான். பொம்மைக் காரில் ஒரு ரப்பரை மாட்டும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது.

ரப்பர் பால் அப்படியே காய்ந்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நிலைத்து நிற்கும் என்பதை 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். 1845-ல் லண்டனில் ஸ்டீபன் பெர்ரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தக் கந்தக விஷயத்தை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பத்தாவின் வெள்ளிக் கரண்டிகளை ஒழுங்காக இருக்கட்டும் என்று ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். அடுத்த பொங்கலுக்கு எடுத்தபோது ஒவ்வொரு கரண்டியிலும் கரிக்கோடு இழுத்ததுபோல் கறுப்பு வளையம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அதனால் காரின் ரப்பரையும் உதிரி ரப்பரையும் வெள்ளிச் சாமான் இருக்கும் பெட்டகத்தில் வைக்காதீர்கள்.

பித்தளையும் செம்பும் இதற்கு நேரெதிர்: அவை ரப்பரைக் கெடுக்கும். செம்பு பட்ட இடத்தில் இயற்கை ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும். பெட்டியின் அடியில் ரப்பர் உருகி ஒட்டிக் கிடந்தது எந்த இடத்தில் என்று பாருங்கள். சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் பித்தளைக் குடத்தின் மேலோ காலரின் மேலோதான் இருக்கும். ரப்பரை மாட்டும் கொக்கி இரும்புக் கம்பியாக இருக்கட்டும்.

சரி, எந்த ரப்பர்? மூன்று வகை எளிதில் கிடைக்கும். கடைகளில் விற்கும் சாதாரண ரப்பர் பேண்டு, சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ளது, தொடங்குவதற்குப் போதும். சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும் வால்டியூப் இன்னும் நல்லது. மெல்லிய குழாய், துள்ளல் அதிகம், சீக்கிரம் அறாது. மூன்றாவது, உண்டிவில்லுக்கு வெட்டுவதுபோல் சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டை. இதில் கவனம் வேண்டும். இப்போது வரும் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். அது காற்றைப் பிடித்து வைப்பதில் கெட்டி, இழுத்த சக்தியைத் திருப்பிக் கொடுப்பதில் கஞ்சம். ஒரு துண்டை இழுத்து விட்டுப் பாருங்கள். 'டப்' என்று திரும்பினால் எடுங்கள், சோம்பேறித்தனமாகச் சுருங்கினால் விட்டுவிடுங்கள்.

புது ரப்பரை உடனே முழு நீளத்துக்கு இழுக்கக் கூடாது. முதலில் ஒன்றரை மடங்கு, பிறகு இரண்டு மடங்கு, பிறகு மூன்று மடங்கு என்று மெதுவாக ஏழெட்டுத் தடவை இழுத்து விடுங்கள். நல்ல ரப்பர் ஐந்து ஆறு மடங்குகூட நீளும்; ஆனால் காருக்கு மூன்று மடங்கோடு நிறுத்திக்கொண்டால் பல நாள் உழைக்கும். இழுத்த ரப்பரைச் சட்டென்று உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டத் தவறாதீர்கள். அவர்கள் கண் விரிவதைப் பார்க்கலாம்.

சட்டம் கட்டுவது

25 ஓட்டை உள்ள நீளப் பட்டைகள் இரண்டையும் விளிம்பில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இவைதான் காரின் இரு விலா. ஓட்டைகளை முன்னாலிருந்து எண்ணுங்கள். 4-ஆவது, 13-ஆவது, 25-ஆவது ஓட்டைகளில், இரு முனையும் மடிந்த குட்டைப் பட்டைகளைக் குறுக்கே வைத்து போல்ட்டு போடுங்கள். 13-இல் வரும் நடுப்பட்டையின் முதுகு மேல்பக்கம் இருக்கும்படி திருப்பி வையுங்கள். நூல் அதன் அடியில் உரசாமல் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, கார் ஏன் பாதியில் திணறுகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

2-ஆவது ஓட்டையில் முன்அச்சு, 23-ஆவதில் பின்அச்சு. ரப்பர் கட்டும் பட்டை முன்அச்சுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். மாற்றி வைத்தால் ரப்பர் முன்அச்சின் மேல் தேய்ந்துகொண்டே ஓடும்.

எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, இரண்டு அச்சையும் நுழைத்து, அவை விரலால் சுண்டினால் சுழல்கின்றனவா என்று பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். இறுக்க இறுக்க அச்சைச் சுண்டிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். எந்த போல்ட்டை இறுக்கும்போது அச்சு பிடிக்கிறதோ அதைத் தளர்த்திச் சட்டத்தை நேர்செய்யுங்கள். அவசரப்படுகிறவர்களின் கார் ஓடாததற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான்.

போல்ட்டு குறைந்தால் 4 மில்லிமீட்டர் போல்ட்டு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், ஓட்டையில் நுழையும். ஆனால் பழைய நட்டில் அதை ஏற்றாதீர்கள். மெக்கானோ மரை இங்கிலாந்து விட்வொர்த் அளவு, இஞ்ச்சுக்கு 32 சுற்று, இப்போதையது வேறு. வலிந்து திருகினால் இரண்டு மரையும் போகும். புது போல்ட்டுக்குப் புது நட்டு.

பெரிய சக்கரங்கள், 3 இஞ்ச் கிடைத்தால் நல்லது, பின்னால். அவற்றின் பித்தளைக் குடத்தில் இருக்கும் மரைத் திருகை இறுக்கி அச்சோடு அசையாமல் பிடிக்க வேண்டும். முன்சக்கரங்கள் சிறியவை, திருகை இறுக்காமல் அச்சில் தாமாகச் சுழலவிட்டு, நழுவாமல் இரு பக்கமும் காலர் போடுங்கள். சக்கரத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு வாசர் போட்டு, தாள் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள்.

இழுவிசை

பின்அச்சின் நடுவில் ஒரு காலர் மாட்டி, அதன் சின்னத் திருகுக்குப் பதிலாகக் கொஞ்சம் நீளமான போல்ட்டைப் போட்டு இறுக்குங்கள். அச்சிலிருந்து குச்சிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் முளை.

8 சென்டிமீட்டர் நீளமுள்ள ரப்பர் வளையத்தை 4-ஆவது ஓட்டைக் குறுக்குப் பட்டையில் இரும்புக் கொக்கியால் மாட்டுங்கள். அதன் மறுமுனையில் 16 சென்டிமீட்டர் நூல். நைலான் வேண்டாம், வழுக்கும். பூக்கட்டும் நூலை இரட்டையாக முறுக்கினால் சரியாக இருக்கும். நூலின் நுனியில் ஒரு சின்னக் கண்ணி போட்டு முளையில் மாட்டுங்கள். மாட்ட வேண்டும், கட்டக் கூடாது. கட்டிவிட்டால் நூல் முழுக்க அவிழ்ந்த பிறகு எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு காரை இழுத்து நிறுத்திவிடும். கண்ணியாக இருந்தால் கடைசிச் சுற்றில் தானே கழன்று விழுந்து, கார் பிடிப்பு விட்ட காளைபோல் ஓடும். அந்த ஒரு நொடி, இழுவை நின்று கார் தன்போக்கில் ஓடத் தொடங்கும் நொடி, இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகப் பிடித்தது.

கணக்கைப் பார்ப்போம். அச்சின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். நூலின் தடிமனும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் நூல் ஏறும். 16 சென்டிமீட்டருக்குப் பத்துச் சுற்று. 3 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 24 சென்டிமீட்டர் உருளும். பத்துச் சுற்றுக்கு 2 மீட்டர் 40 சென்டிமீட்டர் இழுவையில் ஓடும். அதற்கு மேல் ஓடுவதெல்லாம் ஓட்டத்தின் வேகத்தில். ரப்பரும் 8 சென்டிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 24-க்கு நீண்டிருக்கும், நாம் சொன்ன அதே மூன்று மடங்கு.

தூரம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குங்கள். பாய்ச்சல் வேண்டுமென்றால் அச்சைத் தடிமனாக்குங்கள். நூல் சுற்றும் இடத்தில் காகிதத்தை ஒட்டிச் சுற்றினாலே தடிக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. 

தரையில் விடுவது

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்க அழகு. காருக்கோ பெரிய சோதனை. கண்ணாடி மேல் வார்த்து எடுக்கும் கல், நடக்க நடக்க இன்னும் பளபளப்பேறும். முதல் தடவை விட்டால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், கார் நகராது. சக்கரத்துக்கு டயர் வேண்டும். பழைய டயர் கல்லாகியிருக்கும். கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் பலூனை வளையமாக வெட்டியோ சைக்கிள் டியூபை வளையமாக வெட்டியோ மாட்டுங்கள். இங்கே பியூட்டைல் நல்லதுதான், அதன் சோம்பல் தரையைப் பிடிக்கும். அப்படியும் வழுக்கினால் பின்அச்சின் மேல் கொஞ்சம் எடை வையுங்கள். நாங்கள் பழைய அரையணாக் காசுகளை நூலால் கட்டி வைப்போம்.

காரைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை லேசாக அழுத்திக்கொண்டு பின்னால் இழுங்கள். சக்கரம் பின்னால் சுழலும்போது நூல் அச்சில் ஏறும். விட்டதும் முன்னால் ஓடும். எந்தப் பக்கம் சுற்றுவது என்ற குழப்பமே இதில் வராது. முதல் மூன்று ஓட்டம் ஐந்து சுற்றோடு நிறுத்துங்கள். அப்புறம் ஏழு. அப்புறம் பத்து. முகத்தைக் காருக்கு நேரே வைத்துக் குனியாதீர்கள். ரப்பர் அறுந்தால் நேராகக் கண்ணுக்கு வரும். பிள்ளைகள் விடும்போது காருக்குப் பின்னால் நிற்கட்டும், முன்னால் வேண்டாம்.

ஒரு பக்கமாக வளைந்து ஓடினால் முன்அச்சு சாய்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் பாய்ந்து பாதியில் நின்றால் கண்ணி கழலவில்லை. முளையின் தலையைத் தடவிப் பாருங்கள், பிசிறு இருக்கும், உப்புத்தாளால் தேயுங்கள். நகரவே இல்லையென்றால் ரப்பரைக் குறை சொல்லும் முன் அச்சைச் சுண்டிப் பாருங்கள்.

என் பேத்திக்கு எட்டு வயது. அவள் தன் காருக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறாள்: தேதி, எத்தனை சுற்று, எத்தனை கல் தாண்டியது. ஆத்தங்குடிக் கல் ஒரே அளவாக இருப்பதால் அவளுக்கு டேப்பே வேண்டாம், கல்லை எண்ணுகிறாள். "ஐயா, நேற்று பதினேழு, இன்றைக்குப் பதினாலுதான், ரப்பரை மாத்துங்க" என்று அவளே சொன்னாள். பார்த்தால் ரப்பரில் மயிரிழை வெடிப்பு. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். எந்தக் கடை ரப்பர் எத்தனை ஓட்டம் தாங்கியது என்று இரண்டு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெட்டி கிடைக்காதவர்கள் காத்திருக்க வேண்டாம். தையல் நூல் சுற்றி வரும் மரக்கட்டையின் துளையில் ரப்பரைக் கோத்து, ஒரு பக்கம் மெழுகுவர்த்தித் துண்டை வாசராக வைத்து, நீளக் குச்சியைச் செருகி முறுக்கிவிட்டால் அதுவும் ஓடும். அங்கே ரப்பர் நீளாது, முறுக்கிக்கொள்ளும். அதற்கு விரல் நுனியளவு விளக்கெண்ணெய் தடவினால் இழைகள் ஒன்றையொன்று அறுக்காது. விளக்கெண்ணெய் ரப்பரைக் கெடுக்காது, பயப்பட வேண்டாம்.

எடுத்து வைப்பது

விளையாடி முடித்ததும் கண்ணியை முளையிலிருந்து கழற்றுங்கள். இழுத்த நிலையில் ஒரு ராத்திரி இருந்தாலே ரப்பர் தளர்ந்துவிடும். காற்றில் உள்ள ஓசோன் இழுத்த ரப்பரைத்தான் முதலில் வெடிக்க வைக்கும். ரப்பரைக் கொக்கியிலிருந்தும் எடுத்து, டால்கம் பவுடரில் புரட்டி, மூடியுள்ள டப்பாவில் சுருட்டாமல் போடுங்கள். சித்திரை வைகாசி வெயில் மாடி அறைகளில் எப்படி இறங்கும் என்று நமக்குத் தெரியும். டப்பா கீழ்க்கட்டில், இருட்டான அலமாரியில் இருக்கட்டும். பட்டைகளை மெல்லிய துணியில் சுற்றி, ஆடி மாதத்தில் ஒரு தடவையும் மழை முடிந்து தையில் ஒரு தடவையும் எடுத்துத் துடையுங்கள். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்: ரப்பர் 8 சென்டிமீட்டர், நூல் 16, குறுக்குப் பட்டை 4, 13, 25, அச்சு 2, 23. நம் கையில் இல்லாத காலத்தில் திறக்கிறவருக்கு அது போதும்.